சுங்கை சிப்புட்டில் புத்தகம் அச்சிடுவது பற்றி ஒரு நாள் வகுப்பு: 80 வெள்ளிக்குப் போகலாமா?

போகலாம். ஆனால் காலையில் பசியாறிவிட்டு மெதுவாகப் போங்கள். முதல் ஒன்றரை மணி நேரம் தமிழின் பெருமைதான் ஓடியது, அதற்கு 80 வெள்ளி அதிகம்.

பசார் பக்கத்துக் கடைவீட்டு மாடியில் வகுப்பு. நடத்தியவர் பல வருடம் அச்சகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஐயா. வந்திருந்த பதினொரு பேரில் பாதிப் பேர் ஆசிரியர்கள், மீதிப் பேர் என்னைப் போலத் தோட்டத்துக் கதையை எழுதி வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் இருப்பவர்கள். நான் லயத்தில் பிறந்து வளர்ந்தவள், அம்மா பால்மரம் வெட்டியவர். அந்தக் கதைகள்தான் 131 பக்கமாக என் கணினியில் கிடக்கின்றன.

சாப்பாட்டுக்குப் பிறகுதான் வகுப்பு சூடு பிடித்தது. ஐயா ஒரு பெரிய தாளை எடுத்து மடித்தார், மறுபடி மடித்தார், இன்னொரு முறையும் மடித்துவிட்டு எண்ணச் சொன்னார். 16 பக்கம். ஆஃப்செட்டில், அதாவது தகடு செய்து அச்சடிக்கும் முறையில், புத்தகம் பெரும்பாலும் இப்படிப் பதினாறு பதினாறாகத்தான் பிறக்கிறது என்றார். 128 பக்கம் என்றால் இப்படி மடித்த தாள் எட்டு, கணக்கு சரி. என்னுடைய 131க்கு ஒன்பதாவது தாள் வேண்டும், அதாவது 144 பக்கத்துக்குக் காசு கொடுத்துவிட்டு 13 பக்கத்தை வெள்ளையாக விடவேண்டும். "மூணு பக்கத்தை எடுத்துடும்மா" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டார். எதை எடுப்பது என்று புரட்டிப் பார்த்தால், சரியாக மூன்று பக்கம், மூன்று பேருடைய வாழ்த்துரை!

பிளேட், அதாவது அந்த அச்சுத் தகட்டு விஷயத்தையும் நன்றாக விளக்கினார். ஆஃப்செட்டில் நூறு பிரதி போட்டாலும் ஆயிரம் போட்டாலும் பிளேட் செலவு ஒன்றுதான், அதனால் குறைவாகப் போட்டால் ஒரு பிரதியின் விலை எகிறும். டிஜிட்டலில் பிளேட்டே கிடையாது, 100 பிரதி போட நினைக்கிறவர்களுக்கு அதுதான் தோது. பக்க எண்ணிக்கையும் தாளின் கனமும் முடிவானால்தான் புத்தக முதுகின் அகலம் தெரியும், அதற்கு முன்னால் அட்டைப் படத்தை முடித்து வைக்காதீர்கள் என்றார். நான் முடித்து வைத்திருந்தேன்.

ஐஎஸ்பிஎன், அதாவது ஒவ்வொரு புத்தகத்துக்கும் தரும் அடையாள எண், அந்தப் பேச்சு வந்தபோதுதான் வயிறு எரிந்தது. அந்த 13 இலக்க எண்ணைக் கோலாலம்பூர் தேசிய நூலகம் இலவசமாகத் தருகிறது. போன வருடம் ஒருவர், பெயர் வேண்டாம், "வாங்கித் தருகிறேன்" என்று என்னிடம் 150 வெள்ளி கறந்துவிட்டுப் போனார். எண்ணும் வரவில்லை, காசும் வரவில்லை. புத்தகம் வந்து ஒரு மாதத்துக்குள் ஐந்து பிரதிகளை அந்த நூலகத்துக்கே அனுப்பவேண்டும் என்று 1986ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறதாம், அதைப் பற்றியும் காசு வாங்கிய அந்த ஆள் வாயே திறக்கவில்லை.

குறை? இருக்கிறது. பிழைதிருத்தம், செம்மையாக்கம் பற்றி ஐந்து நிமிடம்கூடப் பேசவில்லை. விற்பது எப்படி என்று ஒரு வாத்தியார் கேட்டதற்கு "வெளியீட்டு விழா வையுங்க, தலைவரைக் கூப்பிடுங்க, உறையில் காசு வரும்" என்பதோடு சரி. விழா முடிந்த மறுநாள் கட்டிலுக்கடியில் போகும் பெட்டிகளைப் பற்றி அவருக்குக் கவலை இல்லை, அச்சகத்துக்காரர்தானே! மின்விசிறி ஒன்றுதான் சுற்றியது, கறிபப் நன்றாக இருந்தது.

போகிறவர்கள் கோப்பைப் பென்டிரைவில் கொண்டு போங்கள், யூனிகோடில் தட்டியிருந்தால் நல்லது. என்னுடையது பழைய எழுத்துரு, அவர் கணினியில் திறந்ததும் கதை முழுக்க ஆங்கில எழுத்தாகக் கொட்டியது, மாற்றி எடுக்கவே அரை மணி நேரம் போய்விட்டது. இப்போது 128 பக்கத்தில் நிற்கிறேன். வாழ்த்துரை எழுதிய மூவரிடமும் எப்படிச் சொல்வது என்பதுதான் பாக்கி, அதில் ஒருவர் என் சொந்த மாமா.