கோனோஃபைட்டம் விதை வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

இன்ஸ்டாகிராமில் அபூர்வ சக்குலன்ட் (சதைப்பற்றுள்ள செடி) விதை விற்கும் ஒரு சென்னைக் கணக்கு என் தலையில் நன்றாக மிளகாய் அரைத்துவிட்டது. போனது 450 ரூபாய்தான். ஆனால் ஒரு மார்கழி வீணாகிவிட்டதே, அதுதான் வயிற்றெரிச்சல்.

கோனோஃபைட்டம் தென்னாப்பிரிக்காவின் நமக்குவாலாந்து பக்கத்துச் செடி. அங்கே குளிர்கால மழையில் வளர்ந்து, பாறை இடுக்கில் குட்டி உருண்டைகளாக நெருங்கி மெத்தை போலப் பரவும். நம் ஊரில் இரவு 20 டிகிரியை ஒட்டி இறங்கும் மார்கழி, தையை விட்டால் அதை விதைக்கத் தோதான காலம் கிடையாது.

அசல் விதை தூசிப் பருமன்தான், மூச்சுக்காற்றில் பறந்துவிடும். எனக்கு வந்ததோ சாம்பல் நிறத்தில் பளபளவென்று கண்ணுக்கு நன்றாகத் தெரிந்தது. கேட்டதற்கு, "இது பெரிய வெரைட்டி அக்கா, தைரியமாப் போடுங்க" என்றார். சரி, பார்த்துவிடலாம் என்று ஆற்று மணலையும் பெர்லைட் என்ற வெள்ளை நுரைக்கல் துகளையும் இட்லிக் குண்டானில் ஆவிகாட்டி, ஆறவிட்டு விதைத்தேன்.

முளைத்தது என்னவோ சீக்கிரம்தான். கோனோஃபைட்டம் நாற்று முளைக்கும்போதே தண்டு தெரியாத பச்சை உருண்டையாக இருக்கும். இவை சிவந்த தண்டை நீட்டி, ஒல்லி இலை விட்டன. மாசியில் பூத்தும்விட்டன. பத்து மணிப் பூ! டேபிள் ரோஸ்! எங்கள் மாடிக் கைப்பிடிச் சுவர் முழுக்க அதுதான், காம்பைக் கிள்ளி நட்டாலே வரும்.

போட்டோ அனுப்பினேன். முதலில் "ஓவர் வாட்டரிங் அக்கா" என்றார். தண்ணீர் கூடினால் செடி அழுகும், வேறு செடியாக மாறுமா? அப்புறம், "உங்க மண்ணுல இருந்த விதையா இருக்கும்." ஆவியில் வெந்த மணலில்! அதையும் கேட்டேன், பிளாக் செய்துவிட்டார்.

இப்போது அதே ஆள், கூழாங்கல் போலவே இருக்கும் லித்தாப்ஸ் செடியில் நீல நிற விதை என்று விற்கிறார். நீல லித்தாப்ஸ் என்று ஒன்று கிடையாது, எல்லாம் போட்டோவில் ஏற்றிய கலர். 'மூன்றே மாதத்தில் பூக்கும்' என்று வேறு போட்டிருக்கிறார். விதையிலிருந்து பூ வர வருஷக்கணக்காகும்.

யாரிடம் வாங்கினாலும் உதிர்த்த விதை வேண்டாம், காய்ந்த காயாகவே கேளுங்கள். கோனோஃபைட்டம், லித்தாப்ஸ் காய்மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் சில நிமிடங்களில் வாய் திறக்கும், காய்ந்தால் திரும்ப மூடிக்கொள்ளும். மழை வந்தால் மட்டும் விதையை வெளியே விட அந்தச் செடி செய்துவைத்திருக்கும் ஏற்பாடு அது. பத்து மணிப் பூவின் காய் அப்படியில்லை, முற்றினால் மூடி கழன்று விழுந்துவிடும்.

ஜிபே ரசீதையும் சாட் ஸ்கிரீன்ஷாட்டையும் வைத்துக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். இதே ஆளிடம் வாங்கியவர்கள் நீங்களும் பதியுங்கள்.