"உள்வரை நிறம், வெளுக்கவே வெளுக்காது" என்று சொன்னால் நம்பாதீர்கள்

ஜன்னலோரச் சுவருக்கு வெப்பத்தில் பதப்படுத்திய மரப்பலகை அடித்தோம். காப்பிக்கொட்டை நிறம், அதற்காகவேதான் வாங்கினோம். விற்றவர் ஒரு துண்டை அறுத்தே காட்டினார். உள்ளேயும் அதே நிறம். "சாயம் இல்லை சார், மரத்தையே சுட்டது. வெளுக்கவே வெளுக்காது. க்ளியர் கோட், அதாவது நிறமில்லாத பூச்சு, ஒன்று அடித்தால் போதும்."

எட்டு மாதம் கழித்து, பேட்டரி மாற்றச் சுவர்க் கடிகாரத்தைக் கழற்றினேன். பின்னால் வட்டமாக அதே காப்பிக்கொட்டை நிறம். சுற்றிலும் சோகை பிடித்த பழுப்பு. தினமும் பார்த்துக்கொண்டே இருந்ததால், வெளுத்ததே எங்களுக்குத் தெரியவில்லை.

விற்றவரைக் கேட்டால் பூச்சு சரியில்லை என்றார். பூச்சு அடித்தவர் மரம் சரியில்லை என்றார். சரி, நாமே பார்ப்போம் என்று உட்கார்ந்து படித்தேன்.

நிறம் உள்வரை இருப்பது உண்மைதான். 180 முதல் 215 டிகிரி செல்சியஸ் வரையான சூட்டில், ஆக்சிஜன் அதிகம் சேராமல் நீராவியில் வைப்பதால் மரம் முழுக்கப் பழுப்பாகிறது. ஆனால் அந்தப் பழுப்பு வெயில் தாங்காது. சாதாரண வெளிர் மரம் வீட்டுக்குள் நாளடைவில் மஞ்சளேறிக் கருக்கும்; இது நேர்மாறாக வெளுக்கும். ஜன்னல் கண்ணாடியும் காப்பாற்றாது. புற ஊதாக் கதிரில் ஒரு பகுதியைத்தான் அது தடுக்கும், மீதியும் சாதாரண வெளிச்சமும் உள்ளே வந்துவிடும்.

பூச்சு விஷயத்தில்தான் நன்றாக ஏமாந்தோம். எண்ணெய் தடவியதும் மரம் கருமையாக, அழகாகத் தெரியும். ஈரத்துணியால் துடைத்தாலும் அப்படித்தான் தெரியும், அது நிறத்தைக் காப்பதாகாது. வார்னிஷ் மாதிரி அடிக்கும் பாலியூரிதேனில், எண்ணெய் கலந்தது தானே மஞ்சளாகும். தண்ணீரில் கரைத்தது தெளிவாக நிற்கும், அதனால் அடியில் மரம் வெளுப்பதும் அப்பட்டமாகத் தெரியும். புற ஊதாத் தடுப்புக் கலந்த க்ளியர் கோட் தாமதப்படுத்தும், அவ்வளவே. நிறமி, அதாவது நிறப்பொடி, கலந்த பூச்சுதான் ஓரளவு தாங்கும். இதை யாரும் எங்களிடம் சொல்லவில்லை.

ஒரே ஆறுதல், வெளுப்பு மேல்தோலோடு நின்றுவிடுகிறது. ஓரத்தில் உப்புத்தாள் போட்டு நாலு இழுப்பு இழுத்ததும் அடியிலிருந்து பழைய நிறம் வந்தது. முழுச் சுவரையும் தேய்த்து, பழுப்பு நிறமி கலந்த எண்ணெய் அடித்து, திரையும் போட்டிருக்கிறோம். வீடெல்லாம் தூசி, வீட்டில் ஒரு வாரம் பேச்சுவார்த்தை இல்லை.

வாங்கப்போகிறவர்கள் முதலில் ஒரு துண்டு கேட்டு வாங்குங்கள். அடிக்கப்போகும் பூச்சையே அதில் அடித்து, பாதியை அலுமினியத் தாளால் மூடி, உங்கள் ஜன்னலிலேயே ஒன்றிரண்டு மாதம் போட்டுவையுங்கள். அப்புறம் தாளைப் பிரித்துப் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.