501-வது யூனிட்டும் மாடி சோலாரும்: செட்டிநாட்டு வீடுகளுக்கு எது லாபம்?

லண்டனிலும் மெல்போர்னிலும் இருக்கும் பிள்ளைகள் கரண்ட் கம்பெனிகளின் கட்டணத்தை ஒப்பிட்டு, மலிவானதற்கு மாறிக் காசு மிச்சம் பிடிக்கிறார்கள். மும்பையின் சில பகுதிகளில்கூட டாடா பவர், அதானி எலெக்ட்ரிசிட்டி இரண்டில் ஒன்றிலிருந்து மற்றதற்கு மாறலாம். காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் வீடுகளுக்கு அந்த வழி கிடையாது. டான்ஜெட்கோ என்ற பெயர் தமிழ்நாடு மின் பகிர்மானக் கழகம் என்று மாறியிருக்கிறது, அவ்வளவுதான். கம்பியும் ஒன்று, கட்டணமும் ஒன்று. ஆகவே இங்கே ஒப்பிட வேண்டியது ஈ.பி. ஸ்லாபையும் (யூனிட் ஏற ஏற விலையும் ஏறும் கட்டணப் படிகள்), நம் வீட்டுச் செலவையும், மாடியில் போடும் சோலாரையும்.

முதலில் ஸ்லாப். 2024 ஜூலையில் வந்த கட்டணம் இது; 2025 ஜூலை உயர்வை வீடுகளுக்கு மட்டும் அரசே ஏற்றுக்கொண்டதால் அதன் பிறகும் இதுவே தொடர்ந்தது. இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் எல்லோருக்கும் இலவசம். மொத்தச் செலவு 500-க்குள் இருந்தால் 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2.35 ரூபாய், 400 வரை 4.70, 500 வரை 6.30. ஆகச் சரியாக 500 யூனிட் ஓடினால் பில் 1,805 ரூபாய். ஒரு யூனிட் கூடி 501 ஆனால் 101-லிருந்து 200 வரைக்கும் 4.70 கட்ட வேண்டும், 501-வது யூனிட்டுக்கு 8.40. பில் 2,048 ரூபாய் 40 காசு. அந்த ஒரே யூனிட்டின் விலை 243 ரூபாய்க்கு மேல். 600-க்கு மேல் 9.45, 800-க்கு மேல் 10.50, ஆயிரத்துக்கு மேல் 11.55 என்று ஏறிக்கொண்டே போகும். நம் ஊர் வீடுகளில் காசு கரையும் இடம் இந்த 500-க்கு மேற்பட்ட பகுதிதான். அதற்குக் கீழே தலையைப் பிய்த்துக்கொண்டு பயனில்லை.

இதில் செட்டிநாட்டுக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. வீடு பூட்டிக் கிடக்கும், மீட்டர் இரண்டாம் கட்டுக்குள் இருக்கும். ரீடிங் எடுக்க முடியாவிட்டால் பழைய சராசரியை வைத்துப் பில் வரும். ஆள் வந்து எடுக்கும்போது கணக்கு மொத்தமாக ஏறி நிற்கும். மீட்டரை முகப்புக்கு மாற்றித் தரச் சொல்லி பிரிவு அலுவலகத்தில் விண்ணப்பம் கொடுப்பது நல்லது. ரீடிங் 60 நாளைத் தாண்டித் தள்ளிப்போனாலும் 480-ல் நிற்க வேண்டிய வீடு 500-ஐக் கடந்துவிடும். அட்டையில் தேதியைப் பார்த்து, தள்ளிப்போனால் உடனே கேளுங்கள்.

ஒரே வீட்டில் நாலு புள்ளி, அதாவது நாலு தனிக் குடும்பம், இருந்தால் நாலு மீட்டர் வாங்கலாமே என்பார்கள். உண்மையாகவே தனித்தனிக் குடித்தனம், தனி வழி, தனி வயரிங் இருந்தால் சரி. 100 இலவச யூனிட்டுக்காக ஒரே குடும்பம் இரண்டு மீட்டர் வைத்தால் வாரியம் ஒன்றாக்கிவிடும். வீட்டை ஹோம்ஸ்டேயாகவோ ஷூட்டிங்குக்கோ விடுகிறவர்கள் வீட்டு இணைப்பில் ஓட்டக் கூடாது, பிடிபட்டால் அபராதம்.

அடுத்தது ஃபேன். சோலாருக்கு முன்னால் செய்ய வேண்டியது இதுதான் என்று அடித்துச் சொல்லலாம். வளவு (முற்றத்தைச் சுற்றிய பகுதி), பட்டாலை (கூடம்), மேல்மாடி என்று ஃபேன் அதிகமாக ஓடும் வீடுகள் நம்முடையவை. பழைய ஃபேன் 75 வாட் இழுக்கும், கரண்ட் குறைவாக இழுக்கும் பி.எல்.டி.சி. மோட்டார் ஃபேன் 30 வாட்டை ஒட்டி. நாளுக்கு 10 மணி நேரம் ஓடும் ஆறு ஃபேனை மாற்றினால் இரண்டு மாதத்தில் 162 யூனிட் குறையும். 640 யூனிட் ஓடும் வீட்டுக்குப் பில் 3,258 ரூபாய். 478-க்கு இறங்கினால் 1,666. ஒவ்வொரு பில்லிலும் ஏறத்தாழ 1,590 ரூபாய் மிச்சம். ஒரு ஃபேன் 3,000 ரூபாய் என்றால் ஆறுக்கும் போட்ட பணம் இரண்டு வருஷத்துக்குள் திரும்பிவிடும். ஆள் படுக்காத அறை ஃபேனை மாற்றுவதில் அர்த்தமில்லை.

இனி சோலார். வீட்டு மாடி சோலாருக்கு மத்திய அரசு 2024 பிப்ரவரியில் கொண்டுவந்த பி.எம். சூர்ய கர் திட்டத்தில் மானியம் 1 கிலோவாட்டுக்கு 30,000, 2 கிலோவாட்டுக்கு 60,000, 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய். அதற்கு மேல் எவ்வளவு போட்டாலும் 78,000-தான். இந்த எண்களுக்குள்ளேயே பதில் இருக்கிறது: மூன்றாவது கிலோவாட்டுக்கு வெறும் 18,000. ஆனாலும் ஏஜென்சிக்காரர்கள் எல்லோருக்கும் 3 கிலோவாட்டையே எழுதுகிறார்கள்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். நம் பக்கம் 1 கிலோவாட் சராசரியாக நாளுக்கு 4 யூனிட், இரண்டு மாதத்துக்கு 240 யூனிட் தரும். ஐப்பசி, கார்த்திகையில் குறையும். 800 யூனிட் ஓடும் வீட்டின் பில் 4,770. 1 கிலோவாட் போட்டால் 2,544 ஆகும். 2 கிலோவாட்டில் 799. 3 கிலோவாட்டில் பூஜ்யம். 2 கிலோவாட்டுக்கு 1.3 லட்சம், 3-க்கு 1.9 லட்சம் என்று கொட்டேஷன் வந்தால், மானியம் போகக் கைக்காசு 70,000, 1,12,000. முதல் இரண்டு கிலோவாட் வருஷத்துக்கு 23,800 ரூபாய் மிச்சம் தந்து மூன்று வருஷத்தில் போட்டதை எடுத்துவிடும். மூன்றாவது தருவது வருஷத்துக்கு 4,800-க்குள். அதற்கான 42,000-ஐ எடுக்க ஒன்பது வருஷம் ஆகும். விலையுயர்ந்த ஸ்லாபை முதல் இரண்டே வெட்டிவிடுகின்றன, மூன்றாவது வெட்டுவது மலிவான யூனிட்டை. 400 யூனிட்டில் நிற்கும் வீட்டுக்கு 1,175 ரூபாய் பில்லைப் பூஜ்யமாக்க 2 கிலோவாட் போட்டால் பத்து வருஷம் பிடிக்கும்; அந்த வீடு போட வேண்டாம். ஏசி இரண்டு வாங்கப் போகிறவர்கள், எலெக்ட்ரிக் கார் சார்ஜ் போடுகிறவர்கள் மட்டும் மூன்றுக்குப் போகலாம்.

விண்ணப்பம் தேசிய போர்ட்டலில், மின் இணைப்பு எண்ணை வைத்து. 10 கிலோவாட் வரைக்கும் தொழில்நுட்ப சாத்தியக்கூறு ஆய்வு தனியாக வேண்டியதில்லை. பதிவு பெற்ற விற்பனையாளரைத் தேர்ந்தெடுத்து, பொருத்தி, நெட் மீட்டர் (நாம் எடுக்கும் கரண்டிலிருந்து சோலார் லைனுக்குக் கொடுப்பதைக் கழிக்கும் மீட்டர்) வைத்து, வாரிய ஆய்வு முடிந்த பிறகே மானியம் வங்கிக் கணக்குக்கு வரும். ஆகவே முழுத்தொகையும் முதலில் கையில் வேண்டும், இல்லையென்றால் வங்கிக் கடன். நம் ஊரில் வேலை நிற்கும் இடம் பெயர்தான். இணைப்பு இன்னும் ஐயா (தாத்தா) பெயரிலேயே இருக்கும், பங்காளிகள் ஆளுக்கொரு ஊரில் இருப்பார்கள். பெயர் மாற்றத்தை முடித்துவிட்டுத்தான் சோலாருக்கு அட்வான்ஸ் கொடுக்க வேண்டும். பேனல் உள்நாட்டு செல்லால் ஆனதாக இருக்க வேண்டும். இல்லையென்றால் மானியம் கிடையாது. சீரியல் எண்களைப் பில்லிலேயே எழுதி வாங்குங்கள். ஐந்து வருஷப் பராமரிப்பு விற்பனையாளர் பொறுப்பு, அதையும் எழுத்தில்.

மாடி விஷயத்தில் அவசரம் கூடாது. நாட்டு ஓட்டின் மேல் பேனல் வேண்டவே வேண்டாம். ஆள் ஏறினாலே ஓடு உடையும், அடுத்த மழையில் முற்றத்துச் சரிவெல்லாம் ஒழுகும். தேக்கு உத்தரத்தின் மேல் செங்கலும் சுண்ணாம்பும் பரப்பிய பழைய மெத்தையில் (மாடித் தளத்தில்) போல்ட் அடிக்கத் துளை போட்டால் காரை விரிந்து தண்ணீர் இறங்கும், உத்தரம் உளுக்கும். பின்கட்டில் பிற்காலத்தில் கட்டிய கான்கிரீட் கூரை இருந்தால் அதுதான் இடம். 2 கிலோவாட்டுக்கு 200 சதுர அடி போதும். தெற்கு நோக்கி 10 டிகிரி சாய்வு. காரைக்குடியின் அட்சரேகையும் அதுவே. முகப்புச் சிலைகள், கைப்பிடிச் சுவர், தண்ணீர்த் தொட்டி ஆகியவற்றின் நிழல் காலை 9 முதல் 3 மணி வரை விழக் கூடாது. ஒரு பேனலில் நிழல் விழுந்தால் அதே வரிசையில் உள்ள மற்றவற்றின் உற்பத்தியும் இறங்கும்.

பேனலைக் கழுவ உப்புள்ள போர் தண்ணீர் வேண்டாம், வெள்ளைக் கறை படியும். மழைநீரோ நல்ல தண்ணீரோ வைத்துக் காலை வெயில் ஏறுமுன் துடைத்தால் போதும்.

கரண்ட் போனால் இந்த சோலாரும் நின்றுவிடும். லைனில் வேலை செய்கிறவருக்கு ஷாக் அடிக்காமல் இருக்க இன்வெர்ட்டர் தானாக அணையும்படி வைத்திருக்கிறார்கள். அதனால் வீட்டிலிருக்கும் பழைய பேட்டரி இன்வெர்ட்டரைக் கழற்றி விற்றுவிட வேண்டாம். நடுப்பகலில் லைன் வோல்டேஜ் ஏறினாலும் சோலார் இன்வெர்ட்டர் ட்ரிப் ஆகும். கிராமத்து லைன் கடைசியில் இருக்கும் வீடுகளில் இது அடிக்கடி நடக்கும். ஆர்டர் கொடுக்குமுன் வெயில் நாளில் 12 மணிக்கு மெயின் போர்டில் வோல்டேஜ் அளந்து பாருங்கள். 250-ஐத் தொட்டால் முதலில் ஈ.பி.யில் புகார் கொடுத்து அதைச் சரிசெய்யுங்கள். மின்னகம் எண் 94987 94987.