வறண்ட முடிக்குப் ‘புரோட்டீன் பேக்கேஜ்’ எடுக்கப் போகிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள்

முடி வறண்டு கிடக்கிறதே என்று பார்லருக்குப் போகிறீர்கள். உட்கார வைத்த கொஞ்ச நேரத்திலேயே “உங்க முடியில புரோட்டீனே இல்ல மேடம்” என்று சொல்லி, பல சிட்டிங் கொண்ட பேக்கேஜுக்கு முழுப் பணத்தையும் முன்கூட்டியே கேட்கிறார்கள். அப்படிக் கேட்டால் தயவுசெய்து கொடுக்காதீர்கள். எனக்கு நடந்ததை அப்படியே எழுதுகிறேன். பார்லரின் பெயரைப் போடவில்லை. இதே வசனம் பல இடங்களில் பேசப்படுகிறது, அதனால் ஆளை விட முறையைத் தெரிந்துகொள்வதுதான் உதவும்.

என் முடி இயல்பிலேயே வறண்ட வகை. சுருள் உண்டு, தோளுக்குக் கீழ் வரை நீளம். சாயம் போட்டதில்லை, பிளீச் செய்ததில்லை, ஸ்ட்ரெயிட்னர் பழக்கமும் கிடையாது. இதையெல்லாம் அவர்கள் ஒருமுறைகூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பேக்கேஜ் விற்க முடியாது. முடியில் புரோட்டீன் குறைவது பெரும்பாலும் பிளீச், சாயம், பெர்மிங் (ரசாயனத்தால் முடியைச் சுருட்டுவது), அதிகச் சூடு ஆகியவற்றால்தான். சுருள் முடி வறண்டிருப்பதற்குக் காரணமே வேறு. உச்சந்தலையில் சுரக்கும் எண்ணெய், வளைவுகளைத் தாண்டி நுனி வரை இறங்குவதில்லை. அதற்கு வேண்டியது வழவழப்பு.

சோதனை என்ற பெயரில் ஒரு நாடகம் நடந்தது. முதலில் தலையை அலசினார்கள். தொட்டால் கிரீச்சென்று சத்தம் வரும் அளவுக்கு எண்ணெய்ப் பசையை வழித்து எடுக்கிற ஷாம்பு. கண்டிஷனர் போடவில்லை. முடியைக் கொஞ்சம் உலர்த்திவிட்டு, ஒரு இழையை எடுத்துக் கண்ணாடித் தம்ளர் தண்ணீரில் போட்டார்கள். அது மெதுவாக அடியில் போய் உட்கார்ந்தது. “பாத்தீங்களா, முழுகுது. உள்ள எல்லாம் ஓட்டை. அதான் தண்ணிய உறிஞ்சுது” என்றார் அந்த ஸ்டைலிஸ்ட்.

இந்தத் தம்ளர் சோதனையை யார் செய்தாலும் நம்பாதீர்கள். முடியின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 1.3 கிராம். தண்ணீருக்கு 1 கிராம். ஆக, எந்த முடியும் தண்ணீரை விடக் கனமானதுதான், ஆரோக்கியமான முடி உட்பட. அது மிதப்பது நீரின் மேற்பரப்பு இழுவிசையால். இழையில் எண்ணெயோ கண்டிஷனரில் வரும் சிலிக்கோனோ ஒட்டியிருந்தால் நீர் அதை எளிதில் நனைப்பதில்லை, அதனால் அதிக நேரம் மிதக்கும். பசையைச் சுத்தமாக எடுத்துவிட்டுப் போட்டால் முழுகும். எனக்கு அலசிவிட்டுப் போட்டது ஏன் என்று இப்போது புரிந்திருக்கும்.

அடுத்து கேமரா. திரையில் என் முடியைப் பெரிதாக்கி, “செதில் எல்லாம் எழும்பி நிக்குது” என்று காட்டினார்கள். முடியின் வெளிப்புறம் கூரை ஓடு அடுக்கியது போலச் செதில்களால் ஆனது என்பது சரிதான். ஆனால் ஒரு செதிலின் தடிமன் சுமார் அரை மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. அதன் நிலையை ஒழுங்காகப் பார்க்க எலக்ட்ரான் நுண்ணோக்கி வேண்டும். பார்லர் கேமராவில் தெரிந்தது கொஞ்சம் வெளிச்சமும் கொஞ்சம் நிழலும்தான். ஒப்பிட்டுப் பார்க்க அவருடைய சொந்த முடியைக் காட்டச் சொன்னேன். சிரித்துக்கொண்டே பேச்சை மாற்றிவிட்டார்.

முதல் சிட்டிங் முடிந்ததும் முடி பளபளவென்று இருந்தது உண்மை. சீரம் தடவி, பிளோ டிரை செய்து, மேலே ஸ்ட்ரெயிட்னரும் ஓட்டினால் யாருக்கும் அப்படித்தான் இருக்கும். அதைப் பார்த்துத்தான் வீட்டில் போட ஷாம்பு, மாஸ்க், லீவ்-இன் ஸ்பிரே என்று ஒரு பையே கையில் கொடுத்தார்கள். அந்தப் பணம் தனி.

அடுத்தடுத்த சிட்டிங்குகளில் முடி மாற ஆரம்பித்தது. விறைத்தது. விரலை விட்டுக் கோதினால் பாதியில் நின்றுவிடும். சீப்பில் வேரோடு வந்த முடி இல்லை, நடுவில் ஒடிந்த குட்டைத் துண்டுகள். சுருள் தன் வடிவத்தை இழந்து பரட்டையாக நின்றது. போய்ச் சொன்னேன். வந்த பதிலைக் கேளுங்கள்: “அதுதான் மேடம், உள்ள இருந்த டேமேஜ் இப்பதான் வெளிய தெரியுது. சிட்டிங்க இன்னும் அடிக்கடி வெச்சுக்கலாம்.”

மொத்த ஏமாற்றும் இந்த ஒரு பதிலில்தான் இருக்கிறது. முடி நன்றாக இருந்தால் சிகிச்சை வேலை செய்கிறது, தொடருங்கள். மோசமானால் இன்னும் நிறையத் தேவை, தொடருங்கள். எது நடந்தாலும் அவர்களுக்கு வரவுதான்.

வீட்டுக்கு வந்து அந்தப் பாட்டில்களைத் திருப்பிப் பார்த்தேன். மாஸ்க்கின் முன்பக்கம் ‘டீப் மாய்ஸ்ச்சர்’ என்று பெரிதாக அச்சடித்திருந்தது. பின்பக்கம் பொடி எழுத்தில் தண்ணீர், சீட்டரைல் ஆல்கஹால், அதற்கு அடுத்ததே ஹைட்ரலைஸ்டு கெரட்டின் (இதுவும் புரோட்டீன்தான்), கொஞ்சம் தள்ளி ஹைட்ரலைஸ்டு கோதுமைப் புரோட்டீன். ஷாம்புவிலும் அதே. ஸ்பிரேயிலும் அதே. பார்லரிலும் புரோட்டீன், வீட்டில் ஒவ்வொரு அலசலுக்கும் புரோட்டீன். இது போக, “உங்க பழைய கண்டிஷனர்ல ஆல்கஹால் இருக்கு, அத தொடாதீங்க” என்று வேறு சொல்லி அனுப்பியிருந்தார்கள். சீட்டரைல் ஆல்கஹால் முடியை உலர்த்தும் சாராய வகை அல்ல, மெழுகு மாதிரியான கொழுப்பு ஆல்கஹால். கண்டிஷனரை வழவழப்பாக்குவதே அதுதான். அவர்கள் விற்ற மாஸ்க்கிலும் இரண்டாவது இடத்தில் அதுதானே இருந்தது!

பொருள் பட்டியலைப் படிக்கத் தெரிந்தால் பாதிப் பணம் மிச்சமாகும். பல நாடுகளின் விதிப்படி, அளவில் அதிகமானது முதலில் வரும். 1 சதவீதத்துக்குக் கீழே உள்ளவற்றை மட்டும் எப்படி வேண்டுமானாலும் வரிசைப்படுத்தலாம். ஃபீனாக்ஸிஎத்தனால் என்ற கெடாமல் காக்கும் பொருள் பல பாட்டில்களில் இருக்கும். ஐரோப்பிய ஒன்றியத்தில் அதற்கு உச்ச வரம்பே 1 சதவீதம். பட்டியலில் அதற்குப் பின்னால் வரும் கவர்ச்சியான பெயர்கள் எல்லாம் பெரும்பாலும் பெயரளவுக்குத்தான்.

முடியில் புரோட்டீனும் மாய்ஸ்ச்சரும் (ஈரப்பதம்) சரியான அளவில் இருக்க வேண்டும் என்பார்களே, அந்தப் ‘பேலன்ஸ்’ விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். வெளியே தெரியும் முடிக்கு உயிர் இல்லை, அதற்கு ‘ஊட்டம்’ கொடுக்க முடியாது. அதன் பெரும்பகுதி ஏற்கெனவே கெரட்டின் என்ற புரோட்டீன்தான். கண்டிஷனரில் நேர் மின்னூட்டம் கொண்ட பொருள்கள் இருக்கும். பட்டியலில் பெஹன்ட்ரைமோனியம் குளோரைடு, செட்ரிமோனியம் குளோரைடு என்று பார்த்திருப்பீர்கள். முடியின் மேற்பரப்பு எதிர் மின்னூட்டம் கொண்டது, அதிலும் தேய்ந்துபோன இடங்களில் அது கூடுதல். அங்கெல்லாம் இவை போய் ஒட்டிக்கொண்டு உராய்வைக் குறைக்கும். என்னுடையது மாதிரி வறண்ட, ஆனால் சிதையாத முடிக்கு இதுவே போதும்.

ஹைட்ரலைஸ்டு புரோட்டீன் என்பது சிறு துண்டுகளாக உடைக்கப்பட்ட புரோட்டீன். மிகச் சிறிய துண்டுகள் உள்ளே நுழையும், பெரியவை மேலே படலமாகப் படியும். பிளீச் செய்து துவண்டுபோன முடிக்கு அந்தப் படலம் கொஞ்சம் உறுதி தரும், அதை மறுக்கவில்லை. துவளாத முடியில் திரும்பத் திரும்ப ஏற்றினால் விறைப்புதான் மிச்சம். வளையாத முடி, சீப்பு இழுக்கும்போது ஒடிகிறது. ‘புரோட்டீன் கூடிப்போச்சு’ என்று சிலர் சொல்வது இதைத்தான்.

சரி, கதை இத்துடன் முடியவில்லை. நான் சத்தம் போட்ட பிறகு மூத்த ஸ்டைலிஸ்ட் ஒருவர் வந்தார். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “புரோட்டீன் ஓவர் ஆயிடுச்சு, இப்ப மாய்ஸ்ச்சர் தெரபி பண்ணணும்” என்றார். அதற்கும் பணம்! அவர்கள் கையால் ஆனதைச் சரிசெய்ய நான் கட்டணம் கட்ட வேண்டுமா என்று கேட்டதற்கு, தள்ளுபடி தருவதாகச் சொன்னார்கள். தள்ளுபடிக்கும் ஒத்துக்கொள்ளாமல் சண்டை போட்டு, பழைய பேக்கேஜில் மீதமிருந்த சிட்டிங்குகள் சிலவற்றை இதற்கு மாற்றிக்கொண்டேன்.

இப்போது எதிர்ப்பக்கம் இழுத்தார்கள். கனமான கிரீமை வேரிலிருந்து நுனி வரை அப்பி நீராவி காட்டுவது, வீட்டில் இரவு முழுக்க மாஸ்க் போட்டுத் தொப்பியோடு படுப்பது, ஷாம்புவைக் கூடிய வரை தவிர்ப்பது. விறைப்பு போனது, ஆனால் முடி துவண்டுவிட்டது. வேர் பிசுபிசுவென்று தலையோடு ஒட்டியது. ஈர இழையை இழுத்தால் நீண்டுகொண்டே போய், விட்டால் பழைய நீளத்துக்கு வராமல் தொங்கியது. நனைந்த முடி தன் எடையில் 30 சதவீதம் அளவுக்குத் தண்ணீரை ஏற்றுப் பருமனாகும். அந்த நிலையில் அது பலவீனமானது. மணிக்கணக்கில் ஈரமாகவே கட்டி வைப்பதில் எந்த லாபமும் இல்லை. கண்டிஷனர் ஒட்டவேண்டியது சில நிமிடங்களிலேயே ஒட்டிவிடும்.

இதற்குப் பிறகும் ஒரு யோசனை வைத்திருந்தார்கள்: ஸ்மூத்தனிங், அதாவது ரசாயனம் தடவி, சூடு வைத்து முடியை நேராக்குவது. “எல்லாப் பிரச்சினைக்கும் ஒரே தீர்வு, ஃபார்மால்டிஹைடு ஃப்ரீ.” பக்கத்து நாற்காலியில் ஒருவருக்கு அதைச் செய்துகொண்டிருந்தார்கள். ஸ்ட்ரெயிட்னர் வைக்கும்போது கிளம்பிய புகையில் எனக்குக் கண் எரிந்தது, தொண்டை கரகரத்தது. பொருள் பட்டியலைக் கேட்டேன், “அது கம்பெனி ரகசியம்” என்றார்கள். சில ஸ்மூத்தனிங் கலவைகளில் இருக்கும் ஃபார்மால்டிஹைடு மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-லேயே வகைப்படுத்திவிட்டது. லேபிளில் அந்தப் பெயர் இல்லாமல் மெதிலீன் கிளைகால் என்று இருக்கலாம். அது தண்ணீரில் கரைந்த ஃபார்மால்டிஹைடுதான், சூடு பட்டால் வாயுவாக வெளிவரும். பட்டியல் காட்டாத இடத்தில் இதற்கு மட்டும் தலையைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். அந்தப் புகையை நாள் முழுக்கச் சுவாசிக்கிற ஊழியர்களை நினைத்தால் இன்னும் பாவமாக இருக்கிறது.

பிறகு வேறு யாரிடமும் போகவில்லை. படிந்ததை எடுக்க கிளாரிஃபையிங் ஷாம்பு, அதுவும் எப்போதாவது. மற்ற நாட்களில் மென்மையான ஷாம்பு உச்சந்தலைக்கு மட்டும். புரோட்டீன் இல்லாத சாதாரணக் கண்டிஷனர் காது மட்டத்திலிருந்து நுனி வரை, போட்டபடியே அகலப் பல் சீப்பால் சிக்கெடுத்து, அலசிவிடுவது. ஒடிந்த நுனிகளை வெட்டிவிட்டேன். பிளந்த நுனியை நிரந்தரமாக ஒட்டவைக்கும் கிரீம் எதுவும் கிடையாது. முடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர்தான் வளரும் என்பதால் பழைய நீளம் வரப் பொறுமை வேண்டும்.

அளவு சரியா என்று பார்க்க நான் கேமராவைத் தேடுவதில்லை. உதிர்ந்த ஒரு ஈர இழையை மெதுவாக இழுத்துப் பார்க்கிறேன். கொஞ்சம் நீண்டு, விட்டதும் திரும்பினால் நல்லது. நீளாமல் படக்கென்று அறுந்தால் வழவழப்பு போதவில்லை அல்லது ஏதோ படிந்திருக்கிறது. ரப்பராக நீண்டு அப்படியே நின்றால் கிரீமைக் குறைத்து, ஒருமுறை புரோட்டீன் உள்ளதைப் போட்டுப் பார்க்கலாம். இதுவும் துல்லியமான சோதனை இல்லை, ஒரு இழையை வைத்து முடிவு கட்டாதீர்கள். ஆனால் தம்ளரை விடப் பரவாயில்லை, யாருக்கும் பணம் கட்டவும் வேண்டாம்.

பணத்தைப் பொறுத்தவரை, மீதி சிட்டிங்குகளுக்குத் திருப்பித் தர முடியாது என்கிறார்கள். ரசீதின் பின்பக்கம் மங்கிய எழுத்தில் அப்படி ஒரு நிபந்தனை இருக்கிறதாம். பேக்கேஜ் எடுத்தே ஆகவேண்டும் என்றால், பாதியில் நிறுத்தினால் எவ்வளவு திரும்ப வரும் என்பதைப் பணம் கட்டும் முன்பே எழுதி வாங்குங்கள். ஒவ்வொரு சிட்டிங்கிலும் என்ன பாட்டிலைப் பயன்படுத்துகிறார்கள் என்று முன்பக்கமும் பின்பக்கமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எடுக்க விடவில்லை என்றால் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். எனக்குப் பணத்துக்குப் பதில் வேறு சேவை தருவதாகச் சொன்னார்கள். என்ன சேவை என்று கேட்டேன். ஸ்மூத்தனிங்காம். வேண்டாம் என்று எழுத்தில் மறுத்துவிட்டு, பணத்தைத்தான் கேட்டிருக்கிறேன்.