சிரட்டை கேசிஃபயரும் ஐப்பசி மாதத் தாரும்

கமர்ஷியல் சிலிண்டர் விலை ஏறினால் போதும், யாராவது போன் போட்டு "அண்ணே, அந்த கேசிஃபயர் வாங்கலாமா?" என்பார்கள். சிரட்டை மாதிரிக் கழிவைக் குறைந்த காற்றில் எரித்து, அடுப்புக்கு கேஸ் எடுக்கும் மெஷின் அது. இந்த முறை கேட்டது ராஜபாளையத்தில் மிக்சர் போடும் தம்பி.

சாத்தூரில் எங்கள் காராச்சேவு பட்டறையில் எண்ணெய்ச் சட்டிகள் காய்வது இதில்தான். நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். விறகடுப்புக் காலத்தில் சட்டியின் அடியில் விரல் கனத்துக்குக் கரி பிடிக்கும். இப்போது துணியால் துடைத்தால் போதும். மாஸ்டர் கண்ணைக் கசக்குவது நின்றது. இந்த கேஸில் பாதிக்குப் பாதி நைட்ரஜன்தான், சூடும் குறைவு, கன மீட்டருக்குச் சுமார் 1,100 கிலோ கலோரிதான். சுடரைப் பார்த்தால் இதுவா எண்ணெய் காய்ச்சும் என்று தோன்றும். காய்ச்சுகிறது. மூன்றரை, நாலு கிலோ சிரட்டை ஒரு கிலோ எல்பிஜியின் வேலையைப் பார்க்கிறது. 19 கிலோ சிலிண்டருக்கு 70 கிலோ சிரட்டை என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம்.

என் கோபமெல்லாம் கேஸோடு சேர்ந்து வரும் பிசுபிசுப்பான தார் மேல்தான். பர்னருக்கு முன்னால் உள்ள வால்வு காலையில் அசையாது. கழற்றிப் பார்த்தால் உள்ளே கறுப்பாக, பாகு முற்றிய மாதிரி இறுகிக் கிடக்கும். மண்ணெண்ணெயில் ஊறவைத்துச் சுரண்ட வேண்டும். அந்தப் புகை நாற்றம் சாப்பிடும்போதும் கையில் இருக்கும்.

காரணம் ஈரம். உள்ளே நெருப்பு 1,000 டிகிரியை ஒட்டி நின்றால் தார் உடைந்து கேஸாகிவிடும். சிரட்டையில் ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டினால் அதை விரட்டவே சூடு செலவாகி, தார் அப்படியே வந்து குழாயில் படிந்துவிடும். நமக்கு ஆர்டர் குவிவது எப்போது? தீபாவளிக்கு. மழை கொட்டுவது எப்போது? அதே ஐப்பசியில். சர்வீஸுக்குக் கூப்பிட்டால் "சிரட்டையைக் காயவைங்க சார்" என்கிறார்கள். எந்த வெயிலில்?

"எந்த விவசாயக் கழிவும் போடலாம்" என்று விற்கும்போது சொன்னதையும் நம்ப வேண்டாம். கடலைத் தோல் எடையே இல்லாமல் மேலேயே பாலம் கட்டி நிற்கிறது, கம்பியால் குத்திக்கொண்டே இருக்க வேண்டும். உமியில் ஐந்தில் ஒரு பங்கு சாம்பல். அதற்கு வேறு வகை மெஷின் வேண்டும். கடைசியில் சிரட்டைதான். அதையும் ஆக்டிவேட்டட் கார்பன் (வடிகட்டிகளுக்குப் போகும் கரி) தயாரிக்கிறவர்கள் போட்டி போட்டு வாங்குகிறார்கள். கழிவு விலைக்கு எங்கே கிடைக்கும்?

அப்புறம், இந்த கேஸில் கார்பன் மோனாக்சைடு என்ற விஷ வாயு ஐந்தில் ஒரு பங்கு வரை இருக்கும். காற்றோட்டமில்லாத ஷெட் என்றால் இந்தப் பேச்சே வேண்டாம்.

தம்பியிடம் வாங்காதே என்று சொல்லிவிட்டேன். அப்படியென்றால் உங்கள் மெஷினை விற்கிறீர்களா என்று கேட்டான். விற்கவில்லை. மழைக்கு முன்னால் சிரட்டை வாங்கிப் போட பின்பக்கம் தகரக் கொட்டகை ஒன்று இறக்குகிறேன், ஆசாரி திங்கட்கிழமை வருகிறார்.