காங்கேயம் குதிரையேற்றப் பள்ளி: பயிற்சி நன்று, படிவம் திருத்தப்பட வேண்டும்

காங்கேயத்திலிருந்து தாராபுரம் செல்லும் சாலையை விட்டு உள்ளே தள்ளி, குத்தகைக்கு எடுத்த ஒரு கொறங்காட்டில் (வேலி சூழ்ந்த மேய்ச்சல் நிலத்தில்) நடக்கும் இந்தப் பள்ளியில் என் மகள் குதிரையேற்றம் கற்று வருகிறாள். பிள்ளைகளைச் சேர்க்க எண்ணும் பெற்றோருக்கும், இத்தகைய பள்ளிகளுக்கு நிலம் விட எண்ணும் தோட்டக்காரர்களுக்கும் பயன்படும் என்பதால், விபத்து நேர்ந்தால் யார் பொறுப்பு என்பதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

பயிற்சியில் குறை சொல்ல ஏதுமில்லை. தலைக்கவசமும் குதிகால் வைத்த காலணியும் இல்லாத எவரையும் ஏற்றுவதில்லை. சேணத்தின் வயிற்றுவாரை ஒருமுறை இறுக்கியதும் பயிற்சியாளர் பிள்ளையை ஏற்றிவிடுவதில்லை. வார் பூட்டும்போது குதிரை வயிற்றை உப்பிக்கொள்ளும் என்பதால், நாலு எட்டு நடக்கவிட்டு, அது தளர்ந்த பிறகு மறுபடியும் இறுக்குகிறார். “கண்ணு, பின்னாடி போகாத, தோள் பக்கமா வா” என்று ஒவ்வொரு பிள்ளையிடமும் ஒவ்வொரு முறையும் சொல்கிறார். மார்வாரிக் குதிரைகளின் குளம்பும் லாடமும் ஒழுங்காகப் பராமரிக்கப்படுகின்றன.

என் மனக்குறை, சேர்க்கையின்போது கையொப்பம் கேட்கும் படிவத்தைப் பற்றியது. எந்தக் காரணத்தால் காயமோ உயிரிழப்போ ஏற்பட்டாலும் பள்ளியோ நில உரிமையாளரோ பொறுப்பல்ல என்று அது கூறுகிறது. பெற்றோர் கையொப்பத்துக்குக் கீழே பிள்ளையும் கையொப்பமிட ஓர் இடம் விட்டிருக்கிறார்கள். பதினெட்டு வயது நிரம்பாதவர் செய்யும் ஒப்பந்தம் செல்லாது என்பது 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டத்தை வைத்து 1903இலேயே, ஆங்கிலேயர் காலத்தில் இந்திய வழக்குகளுக்கு இறுதி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த பிரிவி கவுன்சில் தீர்த்துவிட்ட விஷயம். கட்டணம் வாங்கிக்கொண்டு அளிக்கும் பயிற்சி ஒரு சேவை. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், நுகர்வோருக்கு இழப்பையோ காயத்தையோ விளைவிக்கும் கவனக்குறைவைச் சேவைக் குறைபாடு என்றே வரையறுக்கிறது. பாதிக்கப்பட்டவர் இரண்டு ஆண்டுகளுக்குள், தாம் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே முறையிடலாம். விலங்கால் மனிதருக்கு ஆபத்து நேராமல் காக்கத் தவறுவது இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 291ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம்; இரு தரப்பினர் எழுதிக்கொள்ளும் காகிதம் அதற்குத் தடையாகாது.

படிவத்தின் நடையைப் பார்த்தால் அமெரிக்காவில் புழங்கும் படிவங்களின் சாயல் தெரிகிறது. அங்கே 1989இல் வாஷிங்டன் மாநிலத்தில் தொடங்கி, பெரும்பாலான மாநிலங்களில் குதிரையேற்றத்துக்கென்றே தனிச் சட்டங்கள் இருக்கின்றன. குதிரை மிரள்வது, இடறுவது போன்ற இயல்பான அபாயங்களுக்கு நடத்துநரைப் பொறுப்பாக்க முடியாது என்பது அவற்றின் சாரம். ஆனால் பழுதான சேணத்தைக் கொடுத்தாலோ, ஏறுபவரின் திறமையைப் பார்க்காமல் முரட்டுக் குதிரையைக் கொடுத்தாலோ, நிலத்தில் மறைந்திருக்கும் ஆபத்தைத் தெரிந்தும் எச்சரிக்கைப் பலகை வைக்காமல் விட்டாலோ அந்தப் பாதுகாப்பு கிடைக்காது என்று அவற்றுள் பலவும் சொல்கின்றன. நம்மிடம் அப்படியொரு தனிச் சட்டமே இல்லாதபோது, அங்குள்ள சட்டம்கூடத் தராத முழு விலக்கை இந்தப் படிவம் தனக்குத்தானே எழுதிக்கொள்கிறது.

நிலத்தின் நிலையும் இதையொட்டியதே. பயிற்சி வளையத்தைச் சுற்றிக் கிளுவை வேலி அடர்ந்து நிற்கிறது. மிரண்ட குதிரை மோதினாலும் முள்கம்பியைப் போல அது காலைக் கிழித்துவிடாது. ஆனால் வளையத்துக்கு வெளியே பிள்ளைகளை நடைச் சவாரிக்கு அழைத்துச் செல்லும் தடத்தில், வெள்வேல மரங்களைத் தாண்டியதும் பழைய கிணறு ஒன்று உள்ளது. அதன் கைப்பிடிச் சுவர் ஒரு பக்கம் தரைமட்டமாகச் சரிந்து, கொழுக்கட்டைப் புல் மூடிக் கிடக்கிறது. பலகையும் இல்லை, தடுப்பும் இல்லை. நில உரிமையாளரான பெரியவரைக் கேட்டபோது, “குத்தகைக்கு உட்டாச்சுங்க, இனி அவிங்கதான் பாக்கோணும்” என்றார். பள்ளியினரோ கிணறு குத்தகையில் சேராது என்கிறார்கள். இடம் யார் கட்டுப்பாட்டில் இருக்கிறதோ, ஆபத்தை யார் அறிந்திருந்தாரோ அவரையே நீதிமன்றம் முதலில் தேடும் என்பதால், இந்தக் குழப்பத்தில் இருவருமே மாட்டிக்கொள்ளக் கூடும். எனவே நிலம் விடும் தோட்டக்காரர்கள், வேலியும் கிணறும் வண்டித்தடமும் யார் பராமரிப்பில் இருக்கும் என்பதைக் குத்தகைப் பத்திரத்தில் எழுதிக்கொள்ள வேண்டும். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையானால் அதைப் பதிவும் செய்ய வேண்டும். பள்ளி எடுக்கும் விபத்துப் பொறுப்புக் காப்பீட்டில் தம் பெயரையும் சேர்க்கச் சொல்ல வேண்டும். 1991ஆம் ஆண்டின் பொதுப் பொறுப்புக் காப்பீட்டுச் சட்டம் அபாயகரமான பொருள்களைக் கையாளும் நிறுவனங்களுக்கு உரியது. பெயரைப் பார்த்துவிட்டு அது தம்மையும் காக்கும் என்று எவரும் இருந்துவிட வேண்டாம்.

பள்ளி நிர்வாகத்திடம் இவை அனைத்தையும் எழுத்தில் கொடுத்திருக்கிறேன். பிள்ளையின் கையொப்பம் கேட்கும் இடத்தை நீக்க ஒப்புக்கொண்டார்கள். குதிரை மிரளலாம், கடிக்கலாம், விழுந்தால் எலும்பு முறியலாம் என்று அபாயங்களைத் தமிழில் விளக்கும் படிவம் தயாராகிறது என்றும் சொன்னார்கள். கிணற்றைப் பற்றி மட்டும் இன்னும் பதில் இல்லை. கைப்பிடிச் சுவர் எழுப்பப்படும் வரை என் மகள் வளையத்துக்குள் மட்டுமே சவாரி செய்வாள் என்று சொல்லிவிட்டேன். பயிற்சியாளரும் அதை ஏற்றுக்கொண்டார்.