ஒரே மதர்போர்டு, இரண்டு பிராசசர்: கல்யாண வீடியோ எடிட்டிங்கில் ஆறு வருடம்

கும்பகோணத்தில் கல்யாண வீடியோவும் ஆல்பமும் செய்து கொடுக்கும் சின்ன ஸ்டுடியோ எங்களுடையது. 2019 ஆடி மாதம் அசெம்பிள் செய்த கம்ப்யூட்டரில்தான் இன்றைக்கும் வேலை ஓடுகிறது. மதர்போர்டு அதே பி450 (ஏஎம்டி பிராசசருக்கான 400 வரிசை போர்டு). பிராசசர் மட்டும் ஒருமுறை மாறியிருக்கிறது. முதலில் ரைசன் 5 2600, 2023-லிருந்து ரைசன் 7 5700எக்ஸ். இந்த ஆறு வருடத்தில் எது நன்றாக அமைந்தது, எதைக் கவனிக்காமல் விட்டேன் என்று எழுதி வைத்தால் புதிதாக சிஸ்டம் போடுகிறவர்களுக்கு, அதிலும் வீடியோ வேலை செய்கிறவர்களுக்கு, உதவும் என்று தோன்றியது.

ஆடி என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. ஆடியில் கல்யாணம் கிடையாது. எங்கள் தொழிலில் மிஷினைப் பிரித்துப் போட்டு நிதானமாக உட்கார முடிகிற மாதங்கள் ஆடியும் மார்கழியும்தான். மற்ற மாதங்களில் சிஸ்டம் ஒருநாள் படுத்தாலும் பெண் வீட்டிலிருந்து போன் வந்துவிடும்.

அந்த ஆடியில் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போனபோது என் பட்ஜெட்டில் இரண்டே பிராசசர்கள் இருந்தன. ஒன்று இன்டெல் ஐ5 9400எஃப். ஆறு கோர், ஆறு த்ரெட் (கோர் என்பது கணக்குப் போடும் தனி அலகு, த்ரெட் என்பது ஒரே நேரத்தில் அது எடுத்துக்கொள்ளும் வேலை வரிசை). இன்னொன்று ஏஎம்டி ரைசன் 5 2600. ஆறு கோர், பன்னிரண்டு த்ரெட். ரைசன் 3000 வரிசை அந்த ஜூலையில்தான் வெளிவந்திருந்ததால் 2600-இன் விலை இறங்கியிருந்தது. “இன்டெல் போட்டுக்கோங்க சார், தொந்தரவே இருக்காது” என்றார் கடைக்காரர். அவர் பொய் சொல்லவில்லை. அப்போது பெரும்பாலானவர்கள் அதைத்தான் வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

நான் 2600-ஐ எடுத்ததற்குக் கோர் கணக்கு பாதிக் காரணம்தான். மீதிக் காரணம் சாக்கெட், அதாவது போர்டில் பிராசசர் உட்காரும் இடம். இன்டெலில் எட்டாம் தலைமுறை வந்தபோது சாக்கெட்டின் பெயர் பழைய 1151-ஆகவே இருந்தும், 100, 200 வரிசை போர்டுகளில் அது வேலை செய்யவில்லை. ஏஎம்டியோ ஏஎம்4 சாக்கெட்டை 2020 வரை தொடர்வோம் என்று வெளிப்படையாகச் சொல்லியிருந்தது. என்னைப் போன்றவர்கள் மொத்த சிஸ்டத்தையும் நான்கு வருடத்துக்கு ஒருமுறை மாற்ற முடியாது. ஒரு பாகத்தை மட்டும் மாற்றிக்கொள்ள வழி இருக்கிறதா என்பதுதான் எனக்குப் பெரிய கேள்வியாக இருந்தது. பிராசசரைத் தேர்ந்தெடுக்கிறோம் என்று நினைக்கிறோம். உண்மையில் அதைவிட அதிக நாள் நம்மோடு இருக்கப்போவது போர்டுதான்.

அந்த நம்பிக்கை நடுவில் ஒருமுறை ஆடிப்போனது. 2020 மே மாதம், அடுத்து வரும் ஜென் 3 பிராசசர்கள் (5700எக்ஸ் இந்த வகைதான்) 400 வரிசை போர்டுகளில் வேலை செய்யாது என்று ஏஎம்டி அறிவித்தது. போர்டு வாங்கியவர்கள் உலகம் முழுக்கக் குரல் எழுப்பியதில், அதே மாதம் முடிவை மாற்றிக்கொண்டு, பயோஸ் (போர்டுக்குள் இருந்து சிஸ்டத்தைக் கிளப்பும் மென்பொருள்) அப்டேட் தருவோம் என்றார்கள். தந்தார்கள். 2023-இல் நான் 5700எக்ஸ் போட முடிந்தது அதனால்தான். 2019-இல் 9400எஃப் வாங்கிய என் நண்பருக்கோ, அடுத்த வருடமே புதிய தலைமுறை 1200 சாக்கெட்டுக்குப் போய்விட்டதால், அந்தப் போர்டில் ஒன்பதாம் தலைமுறையைத் தாண்ட வழியில்லாமல் போனது.

2600-இன் நான்கு வருடங்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. முழு எச்டி கல்யாண வீடியோவுக்கு அது போதும். ஒரே ஒரு முறைதான் கையைக் கட்டிப்போட்டது. 2021 ஆவணியில் கிராபிக்ஸ் கார்டு பழுதானது. வாரண்டிக்கு அனுப்பினால் மூன்று வாரம் ஆகும் என்றார்கள். 2600-க்குள் டிஸ்ப்ளே தரும் கிராபிக்ஸ் இல்லை. அதாவது கார்டு இல்லையென்றால் பிராசசர், ரேம், டிஸ்க் எல்லாம் நன்றாக இருந்தும் மானிட்டரில் ஒன்றும் வராது. சிப் தட்டுப்பாடும் கிரிப்டோ மைனிங்கும் சேர்ந்து கார்டு விலை எங்கேயோ போயிருந்த நேரம் அது. தெரிந்தவரிடம் பழைய ஜிடி 710 ஒன்றை இரவல் வாங்கிப் போட்டு, ஆல்பம் வேலையை மட்டும் ஓட்டினேன். வீடியோக்கள் காத்திருந்தன. பிராசசருக்குள்ளேயே சின்னதாக ஒரு கிராபிக்ஸ் இருப்பது எவ்வளவு பெரிய காப்பு என்பது அந்த மூன்று வாரத்தில் புரிந்தது.

2023 ஆடியில் பிராசசர் மாற்றம். 5800எக்ஸ், 5800எக்ஸ்3டி, 5700எக்ஸ் மூன்றையும் பார்த்தேன். எக்ஸ்3டி-யில் 96 எம்பி கேஷ், அதாவது பிராசசருக்குள்ளேயே இருக்கும் வேகமான நினைவகம், உண்டு. விளையாடுகிறவர்களுக்கு அது வரப்பிரசாதம், எடிட்டிங்குக்கு அந்தக் காசு வீண். 5800எக்ஸும் 5700எக்ஸும் எட்டு கோர், பதினாறு த்ரெட் என்று ஒரே மாதிரிதான். ஆனால் முன்னது 142 வாட் வரை இழுக்கும், பின்னது 76 வாட்டோடு நின்றுகொள்ளும். எங்கள் எடிட்டிங் அறையில் ஏசி கிடையாது. கத்திரி வெயிலில் மதியம் அறையே 36 டிகிரி இருக்கும். அந்தக் காற்றைத்தான் கூலர் உள்ளே இழுக்கிறது. வேகத்தில் மிகச் சிறிய வித்தியாசத்துக்காக இரண்டு மடங்கு சூட்டை வாங்க எனக்கு மனமில்லை. இதில் இன்றுவரை வருத்தமில்லை. 5700எக்ஸ் பெட்டியில் கூலர் வராது. 120 மிமீ ஃபேன் வைத்த சாதாரண டவர் கூலர் ஒன்று தனியாக வாங்கினேன். மே மாத ரெண்டரிங்கிலும் 80-ஐத் தாண்டுவது அரிது. பழைய 2600 அதன் பெட்டிக் கூலரோடு 88, 89 என்று நின்றுகொண்டிருக்கும்.

மாற்றிய நாளை விவரமாகச் சொல்கிறேன், செய்யப் போகிறவர்களுக்கு உதவும். முதல் வேலை பயோஸ். பழைய பிராசசர் போர்டில் இருக்கும்போதே அப்டேட் செய்துவிட வேண்டும். புதியதைப் போட்ட பிறகு பழைய பயோஸுக்கு அதை அடையாளம் தெரியாது. பென் டிரைவை ஃபேட்32-இல் ஃபார்மட் செய்து, ஃபைலைப் போட்டு, யுபிஎஸ் முழுதாகச் சார்ஜ் ஆகியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் ஆரம்பித்தேன். அந்தச் சில நிமிடங்களில் கரண்ட் போனால் போர்டே போய்விடும்.

அது நல்லபடியாக முடிந்தது. அப்புறம் பழைய கூலரின் நான்கு ஸ்குருவையும் கழற்றிவிட்டு நேராக மேலே தூக்கினேன். டக்கென்று ஒரு சத்தம். கூலரின் அடியில் பிராசசரும் ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. சாக்கெட்டின் லீவர் பூட்டினபடியே இருந்தது. நான்கு வருடத்தில் தெர்மல் பேஸ்ட் காய்ந்து சிமென்ட் மாதிரி பிடித்துவிட்டது. ஏஎம்4-இல் பின்கள் பிராசசரின் அடியில் இருக்கும், மொத்தம் 1,331. ஒரு மூலையில் மூன்று பின்கள் சாய்ந்திருந்தன. மைக்ரோ டிப் பென்சிலில் லெட்டை எடுத்துவிட்டு, அந்த உலோக முனையைப் பின்னின் மேல் மெதுவாகச் செருகி, போன் கேமராவில் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே ஒவ்வொன்றாக நிமிர்த்தினேன். மூன்று பின்னுக்கு முக்கால் மணி நேரம். நீங்கள் மாற்றும்போது, கழற்றுவதற்கு முன் பத்து நிமிடம் ஏதாவது ரெண்டர் ஓடவிட்டு, பேஸ்ட் இளகினதும் ஆஃப் செய்து, கூலரை இடமும் வலமுமாகத் திருகிவிட்டுத் தூக்குங்கள். ஏஎம்5-இலும் இன்டெலிலும் பின் சாக்கெட்டில்தான் இருக்கிறது என்பதால் இந்தப் பயம் இல்லை. ஆனால் அங்கே சாக்கெட்டைத் தொடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வித்தியாசம் அன்றைக்கே தெரிந்தது. ஒரு கல்யாணத்தின் 1,800 ரா படங்களுக்கு லைட்ரூமில் முழு அளவு பிரிவியூ உருவாக்க 2600 ஒன்றேகால் மணி நேரம் எடுக்கும். 5700எக்ஸில் நாற்பது நிமிடம். ஆடிப்போகும் ஷாட்களை ஸ்டெபிலைஸ் செய்ய டீ குடிக்கப் போக வேண்டியிருந்த நிலை மாறியது. போர்டு, ரேம், எஸ்எம்பிஎஸ் எதையும் தொடாமல் கிடைத்த வேகம் இது.

சரி, இப்போது நான் கவனிக்காமல் விட்டதற்கு வருகிறேன்.

2024-இல் எங்களோடு சேர்ந்து கேண்டிட் எடுக்கும் தம்பி கேனான் ஆர்6 வாங்கினான். அது வீடியோவைச் சுருக்கி எழுதும் முறை எச்.265, 10-பிட், 4:2:2. அந்த ஃபைல்களை எடிட்டிங் மென்பொருளான பிரீமியரில் போட்டுப் ப்ளே செய்தால் படம் இரண்டு நொடி ஓடும், நிற்கும், திரும்பக் குதித்து ஓடும். தாலி கட்டும் நேரத்தில் கெட்டிமேளம் கேட்கிறது, படமோ அட்சதை கையிலிருந்து கிளம்பிய இடத்திலேயே நிற்கிறது. டாஸ்க் மேனேஜரில் பதினாறு த்ரெட்டும் உச்சத்தில். பிராசசர் மாற்றி ஒரு வருடம்கூட முழுதாக ஆகவில்லை. எனக்கு மிகவும் மனவருத்தமாக இருந்தது.

அந்த டிஸ்கைத் தஞ்சாவூரில் ஒரு நண்பரின் ஸ்டுடியோவுக்கு எடுத்துப் போனேன். அவரிடம் இருந்தது ஐ5 13500. அதே ஃபைல், அதே பிரீமியர். தடையில்லாமல் ஓடியது. பிராசசர் கால்வாசிகூட வேலை செய்யவில்லை.

விஷயம் இதுதான். கேமரா ஒவ்வொரு பிக்சலுக்கும் வெளிச்சத்தைத் தனியாக எழுதும், நிறத்தை மட்டும் பக்கத்துப் பிக்சல்களோடு பகிர்ந்து எழுதும். 4:2:0-வில் நான்கு பிக்சலுக்கு ஒரு நிறம், 4:2:2-வில் இரண்டு பிக்சலுக்கு ஒன்று. அரக்குப் பட்டில் ஜரிகை தொடங்குகிற விளிம்பைப் பெரிதாக்கிப் பார்த்தால் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். கலர் கிரேடிங் செய்யும்போது சிவப்பு ஜரிகைக்குள் வழியாமல் நிற்கும். ஆகவே கேமரா பக்கம் இது நல்ல மாற்றம்தான். ஆனால் இந்த வகை எச்.265-ஐப் பிரித்துப் படிக்கச் சிப்புக்குள் தனி மின்சுற்று வேண்டும். இன்டெலின் 11-ஆம் தலைமுறை முதல் டெஸ்க்டாப் பிராசசருக்குள் இருக்கும் கிராபிக்ஸில் அது உண்டு. குவிக் சிங்க் என்பார்கள். ஏஎம்டியில் இல்லை. என்விடியாவில் ஆர்டிஎக்ஸ் 50 வரிசைக்கு முன்பு இல்லை. அந்த மின்சுற்று இல்லாத சிஸ்டத்தில் எல்லா வேலையும் கோர்களின் தலையில் விழுகிறது. எட்டு கோர் அல்ல, இன்னும் அதிகம் இருந்தாலும் மூச்சு வாங்கும்.

நான் பிராசசர் வாங்கும்போது கோர், த்ரெட், வாட், சாக்கெட் எல்லாம் பார்த்தேன். என் மேசைக்கு வரப்போகும் ஃபைல் எந்த வகை என்று மட்டும் பார்க்கவில்லை. சில மாதம் ராத்திரி முழுக்கப் ப்ராக்ஸி (எடிட் செய்ய மட்டும் உருவாக்கும் லேசான நகல் ஃபைல்) உருவாக்கி வைத்துவிட்டுக் காலையில் எடிட் செய்தேன். பிறகு அந்த மார்கழியில் இன்டெல் ஆர்க் ஏ380 என்ற சின்ன கிராபிக்ஸ் கார்டை இரண்டாவது ஸ்லாட்டில் போட்டேன். அந்தக் கார்டுக்குள் குவிக் சிங்க் இருக்கிறது. பிரீமியர் அதை எடுத்துக்கொண்டது. ஒற்றைக் கேமரா ஃபைல் இப்போது வெண்ணெய் மாதிரி ஓடுகிறது. மூன்று கேமரா மல்டிகேமில் மட்டும் இன்னும் திணறும். பி450-இல் அந்த இரண்டாவது ஸ்லாட் சிப்செட் வழியாகப் போகிற பழைய பிசிஐஇ 2.0 (கார்டும் போர்டும் தகவல் பரிமாறும் பாதை), அகலம் நான்கு லேன். 4கே படம் நொடிக்கு 25 வீதம் மூன்று வரிசையாக அதன் வழியே போக இடம் போதாது. மல்டிகேமுக்கு மட்டும் ப்ராக்ஸி தொடர்கிறது. பெரிய கார்டு பழுதானாலும் டிஸ்ப்ளே வரும் என்ற நிம்மதி இதில் கூடுதலாகக் கிடைத்தது.

இன்றைக்குப் புதிதாக சிஸ்டம் போடுவதாக இருந்தால் என் கணக்கு இப்படி இருக்கும். கேமரா 4:2:2 எச்.265 எழுதுகிறதென்றால் கிராபிக்ஸ் உள்ள இன்டெல், அல்லது ஏஎம்5 போர்டோடு ஆர்டிஎக்ஸ் 50 வரிசைக் கார்டு. ஏஎம்5-ஐ 2027-க்கு அப்பாலும் தொடர்வோம் என்று ஏஎம்டி சொல்லியிருப்பதால், சாக்கெட் விஷயத்தில் என் மனம் இன்னும் அந்தப் பக்கம்தான். இன்டெலில் 13, 14-ஆம் தலைமுறையின் மேல்மட்டப் பிராசசர்கள் சில நாளடைவில் நிலைகுலைந்து, 2024-இல் அதற்கு மைக்ரோகோட் (பிராசசரின் உள் நிரல்) திருத்தமும் இரண்டு வருடக் கூடுதல் வாரண்டியும் கொடுத்தார்கள். வாங்கினால் முதல் நாளே பயோஸை அப்டேட் செய்துவிடுங்கள். படம் மட்டும் எடுக்கிறவர்களுக்கும், 4:2:0-விலேயே வேலை செய்கிறவர்களுக்கும் இந்தக் கவலை எதுவும் வேண்டாம். பட்ஜெட்டுக்குள் வரும் ஆறு அல்லது எட்டு கோர் எதுவானாலும் நிம்மதியாக வேலை செய்யலாம்.

பழைய 2600, நிமிர்த்தின மூன்று பின்னோடு, ஆல்பம் டிசைன் செய்யும் மிஷினில் தினமும் ஓடிக்கொண்டிருக்கிறது.

இந்த 2025 ஆடியில் ஆர்6 வைத்திருக்கும் அதே தம்பி சொந்தமாக சிஸ்டம் போட்டான். கடையில் வாங்கிய கொட்டேஷனை என்னிடம் காட்டி, “அண்ணே, சரியா இருக்கா பாருங்க” என்றான். ஐ5 14400எஃப், ஒரு பழைய தலைமுறை கிராபிக்ஸ் கார்டு என்று இருந்தது. எஃப் என்றால் உள்ளே கிராபிக்ஸ் இல்லை, குவிக் சிங்க்கும் இல்லை. அவன் கேமராவுக்குத் தேவையான ஒரே விஷயத்தை விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றுக்கும் காசு கொடுக்க இருந்தான். பேனாவால் அதை அடித்துவிட்டு 14500 என்று எழுதினேன். கிராபிக்ஸ் கார்டு வரியையும் அடித்து, தைக்கு அப்புறம் வாங்கிக்கொள்ளலாம் என்றேன். ஆவணியின் முதல் முகூர்த்தத்தை அவன் அந்த மிஷினில்தான் எடிட் செய்தான், ப்ராக்ஸி இல்லாமல்.